வானத்தில் போனது ஏவுகணையா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அதனால் வானத்தில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். போன வருடம் ஒரு பின்னேரம், சூரியன் இறங்கிய கையோடு, காரைநகர்ப் பக்க அடிவானத்திலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் தடித்த கோடு ஒன்று மேலே ஏறியது. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று மாணவர்கள் வட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டார்கள். "சேர், இது மிசைலா?" அதற்குள் பேஸ்புக்கில் ஒருவர் இந்தியாவின் ஏவுகணை என்றார், இன்னொருவர் சீனாக்காரனுடையது என்றார், மூன்றாமவர் அரசாங்கம் எல்லாம் தெரிந்தும் மறைக்கிறது என்றார். கனடா, ஸ்காபரோவிலிருந்து மச்சான் தொலைபேசி எடுத்து, "அங்க சனம் ஓடுதாமே?" என்று கேட்டான். சனம் எங்கேயும் ஓடவில்லை. சந்தியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். அந்தப் பின்னேரம் தெரிந்தது என்ன என்பது கடைசியில் வரும்.

அமெரிக்காவில் ஒருமுறை இப்படித்தான் மர்ம ஏவுகணை போனதாமே, அது என்ன கதை?

2010 நவம்பர் 8, மாலை 5 மணியளவு. லொஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சி ஒன்றின் செய்தி ஹெலிகொப்டரில் இருந்த ஒளிப்பதிவாளர், மேற்கே பசிபிக் கடலுக்கு மேல் ஒரு புகைத்தூண் எழும்புவதைப் படம்பிடித்தார். அடியில் தடித்து, நுனியில் கூர்ந்து, மறைந்த சூரியனின் வெளிச்சத்தில் தகதகவென்று இருந்தது. அந்தக் காட்சியை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் முதல் பார்வையில் ரொக்கெட் என்றுதான் சொல்லத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தொலைக்காட்சி அதை மர்ம ஏவுகணை என்று ஒளிபரப்பியது. அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனிடம் கேட்டால், எங்களுக்கும் தெரியவில்லை, விசாரிக்கிறோம் என்றார்கள். கடற்படையும் விமானப்படையும் தாங்கள் எதையும் ஏவவில்லை என்றன. பாதுகாப்புத் துணைச் செயலராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வேறொரு தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்துவிட்டு, இது பெரிய ஏவுகணை போலிருக்கிறது, ஆசியாவுக்குப் பலத்தைக் காட்டுவதற்காக இருக்கலாம் என்று ஊகம் சொன்னார். ஜனாதிபதி ஒபாமா அப்போது ஆசியப் பயணத்தில் இருந்தார். போதாதா? சீன நீர்மூழ்கி வந்து கலிபோர்னியாக் கரையிலேயே ஏவிக் காட்டிவிட்டுப் போயிற்று என்பது வரைக்கும் கதை வளர்ந்தது.

நவம்பர் 10 ஆம் திகதி பென்டகன் தன் முடிவைச் சொன்னது: விமானத்தின் புகைத்தடம் என்பதைத் தவிர வேறு எதற்கும் சான்று இல்லை. அதற்கு முன்பே, வான்படங்களை ஆராயும் ஆர்வலர்கள் விமான அட்டவணைகளைப் புரட்டி, ஹவாயிலிருந்து வரும் விமானங்கள் பக்கம் விரலை நீட்டியிருந்தார்கள். அதிகம் அடிபட்டது ஹொனலுலுவிலிருந்து பீனிக்ஸ் நகருக்குப் பறந்த யூ.எஸ். எயார்வேஸ் 808.

விமானம் கிடையாகப் போகும். அந்தப் புகை நட்டுக்குத்தாக அல்லவா ஏறியது?

எல்லாக் குழப்பமும் இந்த ஓர் இடத்தில்தான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நேரான தெரு ஒன்றில் மின்கம்பிக்கு நேர் கீழே நின்று, அது போகும் பக்கமாகப் பாருங்கள். தூரத்தில் அது தரையோடு ஒட்டிக்கிடக்கிறது. உங்களை நெருங்க நெருங்க மேலே ஏறி, கடைசியில் தலைக்கு மேலால் போகிறது. கம்பியின் உயரம் எங்கேயும் மாறவில்லை. ஏறியது உங்கள் கண்ணின் கோணம். பத்தரைக் கிலோமீற்றர் உயரத்தில் உங்களை நோக்கி வரும் விமானத்தின் தடமும் அந்தக் கம்பியைப் போலத்தான். அடிவானத்தில் முளைத்து மேலே வளரும்.

பூமி உருண்டை என்பதால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். அந்த உயரத்தில் உள்ள ஒன்று சுமார் 365 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும்போதே அடிவானத்தைத் தொடும். அப்போது புகை கடலிலிருந்தே கிளம்புவதுபோல இருக்கும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் அது தலைக்கு மேல் வர 24 நிமிடம் எடுக்கும். ஏவுகணைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. நீண்ட தூர ஏவுகணை ஒன்றின் எஞ்சின்கள் எரிந்து முடிவதே மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள். ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம் கூடும், வானத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடும். லொஸ் ஏஞ்சலிஸ் புகையின் நுனியோ அசைந்ததே தெரியாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. நுனியில் நெருப்பும் இல்லை.

பிறகு, தடித்த அடிப்பாகம். அது பழைய புகை. காற்று பிடித்து இழுத்துப் பரப்பியதால் தடித்தது. நுனிதான் புதியது. ரொக்கெட்டின் கீழ்ப்பக்கப் புகையும் இப்படித்தான் பரவும் என்பதால், ஒரு நிழற்படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நேரம் பார்க்கவேண்டும்.

தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருக்கலாமே? இரண்டு நாள் ஏன்?

நியாயமான கேள்வி. என்னுடைய எண்ணம் இது: "நாங்கள் ஏவவில்லை" என்று ஒரு படைப்பிரிவு சொல்ல, தன் அட்டவணையைப் பார்த்தால் போதும். "யாருமே ஏவவில்லை" என்று சொல்ல எல்லாரிடமும் கேட்கவேண்டும். கடற்படை, விமானப்படை, ஏவுகணைப் பாதுகாப்புப் பிரிவு, றேடார் நிலையங்கள், விமானப் போக்குவரத்துத் துறை என்று வரிசையாக. விமானப் போக்குவரத்துத் துறை றேடார் பதிவுகளைத் திருப்பிப் பார்த்து, அந்தப் பகுதியில் வேகமாகப் போன அடையாளம் தெரியாத பொருள் எதுவும் இல்லை என்றது. அதற்கும் நேரம் பிடித்தது.

எங்கள் அரச அலுவலகக் கச்சேரிகளில் ஒரு கடிதத்துக்குப் பதில் எடுக்க நடந்தவர்களுக்கு இரண்டு நாள் என்பது மின்னல் வேகமாகத் தெரியும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். "தெரியவில்லை" என்று அரசு உண்மையைச் சொன்னால் அதைச் சனம் நம்பாது. உலகத்தின் மிகப் பெரிய படைக்குத் தன் வாசலில் நடப்பது தெரியாதா என்றுதான் கேட்கும். அந்த இரண்டு நாள் இடைவெளிக்குள்தான் சீன நீர்மூழ்கி புகுந்தது.

அப்படியானால் மக்கள் பார்த்ததெல்லாம் விமானம்தானா? உண்மையான ஏவுகணையை எவரும் பார்த்ததில்லையா?

பார்த்திருக்கிறார்கள். அதே லொஸ் ஏஞ்சலிஸ், ஐந்து வருடம் கழித்து. 2015 நவம்பர் 7 இரவு, வானத்தில் நீலமும் வெள்ளையுமாக விசிறிபோல் விரிந்த ஒளி. இம்முறை அது ஏவுகணையேதான். கென்டக்கி என்ற நீர்மூழ்கியிலிருந்து ஏவப்பட்ட டிரைடன்ட், வெடிமருந்து இல்லாத பரிசோதனை. கடற்படை அன்றிரவே ஒத்துக்கொண்டது. முன்கூட்டி அறிவிப்பதில்லை என்பது தங்கள் வழமை என்றும் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் கடல் பக்கமாக இரவில் விமானங்கள் வந்து இறங்குவதை மாற்றியிருக்கிறோம் என்று விமான நிலையம் முன்பே அறிவித்திருந்தது. இரகசியத்தின் வால் வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது.

நோர்வேயில் நடந்தது இன்னும் அழகு. 2009 டிசெம்பர் 9 காலை, வடக்கு நோர்வே முழுவதும் வானத்தில் ராட்சதச் சுருள் ஒன்றைப் பார்த்தது. மத்தாப்புச் சக்கரத்தை நடுவானில் கொளுத்தியதுபோல. மறுநாள் ஒபாமா நோபல் பரிசு வாங்க ஒஸ்லோவுக்கு வருகிறார் என்பதால் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ரஷ்யா முதலில் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் உண்மை வந்தது: வெண்கடலில் நீர்மூழ்கியிலிருந்து ஏவிய புலாவா ஏவுகணையின் மூன்றாம் கட்டம் பழுதாகி, கட்டுப்பாடிழந்து சுழன்றிருக்கிறது. ஏவியதைச் சொல்ல ரஷ்யாவுக்கு வெட்கமில்லை, அது தவறிப்போனதைச் சொல்லத்தான் வெட்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரொக்கெட், ஏவுகணை எதுவும் தெரியுமா?

தெரியும். நாங்கள் இருக்கும் இடம் அப்படி.

இந்தியாவின் ரொக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, சுமார் 450 கிலோமீற்றரில் இருக்கிறது. இந்தத் தூரத்துக்குக் கணக்குப் போட்டால், ரொக்கெட் 16 கிலோமீற்றர் உயரம் ஏறியதும் எங்கள் அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். ஏவி ஒரு நிமிடம் சொச்சத்தில். கடல்மட்டத்து மங்கலைத் தாண்ட இன்னும் கொஞ்சம் நேரம். மழைமேகம் இல்லாத இரவில் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையில் வடக்கே பார்த்து நின்றால், நகரும் செம்மஞ்சள் பொட்டாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விடயம். துருவங்களுக்கு மேலால் சுற்றும் செய்மதிகளை அனுப்ப ரொக்கெட்டைத் தெற்கே விடவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் அது எங்கள் கூரைகளுக்கு மேலால்தான் போகும். கழன்று விழும் பாகங்கள் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி ரொக்கெட் முதலில் தென்கிழக்காகக் கடலுக்கு மேல் போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகு தெற்கே திரும்பும். இப்படி வளைவதற்கு எரிபொருள் செலவு, கொண்டுபோகும் சுமையும் குறையும். தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் இந்தியா இரண்டாவது ஏவுதளம் கட்டத் தொடங்கியதற்கு இதுதான் முக்கிய காரணம். 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே இலங்கையைத் தொடாமல் நேராக விடலாம். எங்களுக்கும் அது சுமார் 260 கிலோமீற்றர்தான், தென்மேற்கே. அது இயங்கத் தொடங்கினால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை.

இராணுவ ஏவுகணைகள் வேறு இடத்திலிருந்து வருகின்றன. ஒடிசாக் கரையில் உள்ள அப்துல் கலாம் தீவு, முந்தைய பெயர் வீலர் தீவு. அக்னி-5 முதன்முதல் 2012 ஏப்ரல் 19 இல் அங்கிருந்துதான் ஏவப்பட்டது. 5,000 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடியது. வங்காள விரிகுடாவுக்கு மேலால் தெற்கே, இலங்கைக்குக் கிழக்காகப் போகும். எங்களுக்கு 1,400 கிலோமீற்றருக்கு மேல் தூரம் என்றாலும், இவ்வகை ஏவுகணை பல நூறு கிலோமீற்றர் உயரம் போவதால் எங்கள் அடிவானத்துக்கு மேலே வரும். 2022 டிசெம்பர் 15 மாலை அக்னி-5 ஏவியபோது மேற்கு வங்கம், ஒடிசாப் பக்கச் சனம் வானத்தில் தெரிந்த விநோத ஒளியைப் படமெடுத்துப் பரப்பியது.

இந்த ஒளிக்கு மாலையும் விடிகாலையும்தான் நல்ல நேரம். நிலத்தில் இருள், ஆனால் 100 கிலோமீற்றருக்கு மேலே இன்னும் வெயில். அங்கே காற்று மிகவும் மெலிது என்பதால் எஞ்சின் புகை குடைபோல விரியும், அதில் வெயில் படும். இருட்டுக்குள் நிற்கிற எங்களுக்கு அது சொறிமுட்டை (ஜெலிமீன்) மிதப்பதுபோலத் தெரியும்.

இவை தவிர, வரிசையாக மணி கோத்ததுபோல நகரும் வெளிச்சங்கள் ஸ்டார்லிங்க் செய்மதிகள். புதிதாக ஏவிய முதல் சில நாட்களில் அப்படித் தெரியும், பிறகு பிரிந்துவிடும். பலாலி விமான நிலையத்தில் இறங்க வரும் விமானத்தின் முன்விளக்கு நேரே எங்களை நோக்கினால், அசையாத பெரிய நட்சத்திரம்போல நிற்கும். வெள்ளிக் கோளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வருடத்தில் பாதி அழைப்பு அதனால்தான்.

யாருக்கும் தெரியாமல் ஓர் ஏவுகணையை ஏவ முடியாதா?

சிறியதை முடியும். பெரியதை ஏவுவது ஊர்க்கோயில் வாணவேடிக்கையை இரகசியமாக நடத்துவதுபோல.

ஏவுமுன் வானத்தையும் கடலையும் காலிசெய்யவேண்டும். விமானிகளுக்கு ஓர் அறிவித்தல் போகும்: இந்த ஆள்கூறுகளுக்குள் இந்த நேரத்தில் வராதே என்று. கப்பல்களுக்கு இன்னொன்று. எங்கள் கடற்பரப்பும் அடங்கிய இந்து சமுத்திர வலயத்துக்கு அந்த எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பது இந்தியக் கடற்படையின் டேராடூன் நீரியல் அலுவலகம். "ஏவுகணை" என்று அதில் எழுதியிருக்காது. ஆனால் வங்காள விரிகுடாவில் 3,000 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுங்கிய ஒரு பெட்டியை வரைந்து வராதே என்றால், யாரும் மீன்பிடிப் போட்டி நடத்தவில்லை என்பது தெரியும். அந்தப் பெட்டிகளை வரைபடத்தில் போட்டு எந்த ஏவுகணை என்று சொல்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.

ஏவிய பிறகு, எஞ்சினின் வெப்பத்தை விண்வெளியிலுள்ள அகச்சிவப்புச் செய்மதிகள் உடனே காணும். அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இவை இருக்கின்றன. அமெரிக்கா ஏவியதைத் தன் மக்களிடம் மறைத்தாலும் ரஷ்யாவிடம் மறைக்க முடியாது.

அப்போது அரசுகள் உண்மைதான் பேசும் என்கிறீர்களா?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் என் அம்மாவே எனக்குச் சோறு போடமாட்டா.

2020 ஜனவரி 8, தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானம் விழுந்து 176 பேரும் இறந்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்றது ஈரான். ஏவுகணைக் கதை பச்சைப்பொய் என்றும் சொன்னது. மூன்றாம் நாள், எங்கள் படைதான் தவறுதலாகச் சுட்டது என்று ஒத்துக்கொண்டது. இடையில் நடந்தது என்ன? தெஹ்ரானில் யாரோ தொலைபேசியில் எடுத்த காணொளி, ஏவுகணை விமானத்தில் படுவதைக் காட்டியது. 1983 செப்டெம்பர் 1 இல் கொரிய விமானம் 007 ஐச் சுட்டு 269 பேர் இறந்தபோதும் சோவியத் அரசு தொடக்கத்தில் தெரியாது என்றுதான் சொன்னது.

பக்கத்து வீட்டுக் கதையும் உண்டு. 2022 மார்ச் 9 இல் இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீற்றர் போய் மியான் சன்னு என்ற ஊர்ப் பக்கம் விழுந்தது. நல்லவேளை, வெடிமருந்து இல்லை. மறுநாள் பாகிஸ்தான் ஊடகங்களைக் கூட்டிச் சொன்னது. அதற்கும் மறுநாள்தான் இந்தியா வாய் திறந்தது: பராமரிப்பின்போது தொழில்நுட்பக் கோளாறு. ஓகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேரைப் பதவிநீக்கினார்கள், நடைமுறையை மீறியதற்காக. முதலில் சொன்ன கோளாறு கடைசியில் ஆட்களின் பிழையாக முடிந்தது.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். வானத்தில் நடந்ததை எவராலும் மூடிவைக்க முடியவில்லை. யார் பொத்தானை அழுத்தினார், யார் கவனிக்காமல் விட்டார், எத்தனை மணிக்கு மேலிடத்துக்குத் தெரியும், இவைதான் மூடப்பட்டன. மர்ம ஏவுகணை தேடுகிறவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் இந்தக் கோப்புகளைக் கேட்பதில்லை. எனக்கு அவர்கள் மேல் உள்ள குறை அதுதான்.

எங்கட லயன் எயார் விமானம்?

வயதானவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

1998 இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடிக்கிடந்தது. கொழும்புக்குப் போக கப்பல், இல்லாவிட்டால் பலாலியிலிருந்து விமானம். அந்த வருடம் செப்டெம்பர் 29 இல், பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் 602, பத்து நிமிடத்தில் றேடாரிலிருந்து மறைந்தது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். புலிகள் தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் சுட்டார்கள் என்று அப்போதே சொல்லப்பட்டது.

அந்த வருடம் ஜூனிலிருந்து போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை. இங்கே மின்சாரமும் ஒழுங்காக இல்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டு, பி.பி.சி தமிழோசை கேட்ட காலம். கொழும்பு சொல்வதையும் வன்னி சொல்வதையும் லண்டன் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் எங்கேயோ உண்மை இருக்கும் என்று ஊகித்த காலம். வீட்டில் ஒருவர் அந்த விமானத்தில் போயிருந்தால், ஊகம்கூட வராது. உடல் வராத சாவை வீடு நம்பாது.

14 வருடம் கழித்து, 2012 ஒக்டோபரில், இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் சிதைவுகளைக் கடற்படை கண்டது. 2013 ஜனவரியில் மீட்ட உடைகளையும் பொருட்களையும் உறவினர் பார்த்து அடையாளம் சொல்வதற்காக வைத்தார்கள்.

ஏவுகணை என்ற சொல் இங்கே பேஸ்புக் பொழுதுபோக்கு ஆவதற்கு முன்னால் அதற்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. பகிருமுன் இதை ஒருதரம் நினைத்தால் நல்லது.

அம்பாந்தோட்டைக்கு வந்த சீனக் கப்பல் ஏவுகணை ஏவுமாமே?

ஏவாது. யுவான் வாங் 5 ஏவப்பட்டவற்றைப் பின்தொடரும் கப்பல். பெரிய கிண்ண அலைவாங்கிகள் உள்ளன, செய்மதியையும் ஏவுகணையையும் தூரத்திலிருந்து கண்காணிக்கும். 2022 ஓகஸ்ட் 16 இல் வந்து 22 இல் போனது. 11 ஆம் திகதியே வரவேண்டியது, இந்தியாவின் எதிர்ப்பால் இழுபட்டது. அனுமதி கொடுத்து, பிற்போடச் சொல்லி, மறுபடி அனுமதித்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொன்னது எங்கள் அரசு. சதிக்கதை பரப்பியவர்களைவிட அரசுதான் அந்த வாரம் அதிகம் உதவியது.

இலங்கையிடம் பெரிய ஏவுகணை இருக்கிறதா?

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் வகை எதுவும் இல்லை. இருப்பது மல்டி பரல், பல குழாய்களிலிருந்து ரொக்கெட்டுகளை ஏவும் கருவி. 2000 ஆம் ஆண்டளவில் வாங்கிய ஆர்.எம்-70. நாற்பது குழாய், 122 மில்லிமீற்றர், சுமார் 20 கிலோமீற்றர் பாயும். அதைப் பற்றி எங்கள் ஊருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தகவல் அறியும் சட்டத்தில் கேட்டால் சொல்வார்களா?

கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரசையும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஆனால் 5 ஆம் பிரிவில் தேசிய பாதுகாப்பு விலக்கு இருக்கிறது. அதன் பின்னால் 1955 இன் அரச இரகசியங்கள் சட்டமும் நிற்கிறது.

அதனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "அன்று போனது யாருடைய ஏவுகணை?" என்று எழுதினால் பாதுகாப்பு என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். "இந்தத் திகதியில் இந்த நேரத்துக்கு வடக்குக் கடலில் மீனவர்களுக்கு எச்சரிக்கை ஏதும் விடப்பட்டதா, எத்தனை மணிக்கு, எப்படி அறிவிக்கப்பட்டது?" என்று எழுதினால் மறைக்க அதில் ஒன்றும் இல்லை. விலக்கு இருந்தாலும், பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு.

வட்ஸ்அப்பில் வந்த வீடியோவை எப்படி நம்புவது?

எடுத்தவர் யார், எங்கே நின்றார், எத்தனை மணி. மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் விடுங்கள். நோர்வேச் சுருளை "நேற்று முல்லைத்தீவில்" என்று எழுதி எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். கீழே பனிமலை.

அடுத்தமுறை ஏதாவது தெரிந்தால் என்ன செய்யலாம்?

முதலில் மணியைப் பாருங்கள். படத்தைப் பிறகு எடுக்கலாம். தெரிந்த நேரம், மறைந்த நேரம். ஐந்து நிமிடத்தில் முடிந்ததா, இருபது நிமிடம் நின்றதா என்பதிலேயே பாதி விடை.

கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டியாகப் பிடியுங்கள். அது ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எண்ணுங்கள். கீழே ஒரு பனையோ கோபுரமோ தெரிகிறமாதிரிப் படம் எடுங்கள், பிறகு திசையை அளக்கலாம். இன்னொரு ஊரில் இருக்கிற ஒருவருக்கு உடனே அழைத்து அவர் என்ன பார்க்கிறார் என்று கேளுங்கள். சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் நிற்கிற இரண்டு பேருக்கு அது ஒரே இடத்தில் தெரிந்தால், பொருள் வெகுதூரத்தில் இருக்கிறது. இடம் மாறித் தெரிந்தால் கிட்டத்தில்.

பிறகு விமானத் தடம் காட்டும் செயலியைத் திறந்து பாருங்கள். வளைகுடாவிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் எங்கள் பக்கமாகவும் வருகின்றன. அப்புறம் ஸ்ரீஹரிகோட்டாவில் அன்று ஏதும் இருந்ததா என்று ஒரு தேடல். இத்தனைக்கும் அரசாங்கத்தில் ஒருவரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை.

சரி சேர், அன்று பின்னேரம் தெரிந்தது என்ன?

விமானம். மேற்கேயிருந்து எங்களை நோக்கி வந்தது. நான் மணி பார்த்தேன்: கோடு முளைத்ததிலிருந்து தலைக்கு மேல் வர 22 நிமிடம். செயலியிலும் அதே நேரம் அதே திசையில் ஒரு பயணிகள் விமானம் இருந்தது. மாணவர்களுக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். ஒருவன் மட்டும், "செயலியையும் அரசாங்கம் மாற்றலாம்தானே சேர்" என்று எழுதினான். அவனை அடுத்த வகுப்பில் முன்வரிசையில் இருத்தி மின்கம்பிக் கணக்கைச் செய்யவைத்தேன்.

அம்மா அன்று முற்றத்துக்கே வரவில்லை. கதவு நிலையில் நின்றுகொண்டு, "சத்தம் கேட்டதே?" என்று கேட்டா. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கிபிர் என்றால் சத்தம் பிறகுதான் வரும்" என்று, போர்க்காலத்தில் குண்டு போட்ட ஜெற் விமானங்களை நினைத்துச் சொல்லி, கோடு முழுதாகக் கலையும் வரைக்கும் அதே இடத்தில் நின்றா.